அன்புள்ள பெயர்

முதலில் வெட்டியது திங்கட்கிழமையை.
ரத்தம் வரவில்லை.
அலுவலகக் காலண்டரில் நான்தான் கோடு போட்டேன்,
ஸ்கேல் வைத்து, சிவப்பு மையால்,
ஆகஸ்டிலிருந்து மே வரை.
ஒக்லஹோமாவில் ஒரு சின்னப் பள்ளி மாவட்டத்துக்குச்
சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்.
கூட்டல் எப்போதாவது.
கழித்தல் வருடா வருடம்.

ஊருக்கு வெளியே எண்ணெய்க் கிணறுகள்
இரவும் பகலும் தலையாட்டிக்கொண்டிருக்கின்றன.
கிணற்று வரியைக் குறைத்தபோதும் ஆட்டின.
ஏழு பஸ் மூன்றானபோதும் ஆட்டின.
ஆமாம்சாமிகளுக்கு இந்தச் சீமையில் பஞ்சமில்லை.

வெர்னன் பிக்பாண்ட் வரலாறு எடுக்கிறார்.
காலையில் பஸ் ஓட்டுவதும் அவர்தான்,
மூன்று மணிக்கு மேல் தரை துடைப்பதும் அவர்தான்.
மூன்று வேலைக்கும் ஒரே சாவிக்கொத்து,
ஒரே காசோலை.
அதை அச்சடிக்கும்போது
எண்ணைப் பார்க்காமல் உறையில் போடப் பழகிவிட்டேன்.

லொரீன் டாக்கெட் கணக்கு டீச்சர்.
பள்ளியில்லாத திங்கட்கிழமைகளில்
அறுபது மைல் ஓட்டிப்போய்
பிளாஸ்மா விற்றுவிட்டு வருகிறாள்.
ரத்தம் வந்தது அப்புறம்தான்.
செவ்வாய்க்கிழமை முழங்கை மடிப்பில் ஒட்டுப்பஞ்சு.
"ஊசி போட்டீங்களா மிஸ்?"
"ஆமாம், தப்புக் கணக்குக்குத் தடுப்பூசி."
வகுப்பே சிரித்ததாம்.

மிச்சம் பிடித்த திங்கட்கிழமைகள் அத்தனையையும்
பிப்ரவரியில் கூட்டிப் பார்த்தேன்.
ஜிம்முக்குக் கூரை மாற்ற
பாதிகூடத் தேறவில்லை.

அதனால்தான் மார்ச் மாதக் கடிதங்கள்.
பதினாறு பேர். ஒரே வாசகம்.
பெயருக்கு இடம் விட்டால் போதும்,
பட்டியலிலிருந்து கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்ளும்.
அகரவரிசைப்படி டாக்கெட் பதினான்காவது,
எழுத்துப்பிழை இல்லாமல் விழுந்தாள்.
கீழே கண்காணிப்பாளரின் கையெழுத்து,
ரப்பர் முத்திரை,
குத்தியது என் கை.
நிறுத்தப் போன நேரத்தில் அச்சுப்பொறி
பதினேழாவதாக ஒன்றைத் துப்பியது:

*அன்புள்ள பெயர்,
வரும் கல்வியாண்டுக்கு உங்கள் ஒப்பந்தம்
புதுப்பிக்கப்படாது என்பதை
வருத்தத்துடன்*

கிழித்துப்போட மனம் வரவில்லை.
தாளும் காசுதானே.
டிராயரில் வைத்தேன்.

அனுப்ப இன்னும் ஐந்து நாள் இருந்தது.
அந்தத் திங்கட்கிழமை, காலை ஏழரை,
பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பையன்.
மூன்றாம் வகுப்பு, ப்ராக்ஸ்டன்.
கையுறை ஒன்றுதான் இருந்தது.
"இன்னைக்கு ஸ்கூல் இல்லையேடா."
"தெரியும்."

உள்ளே வந்ததும்
சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.
திங்கட்கிழமை மிச்சத்தில்
காலை உணவும் ஒரு வரி.
நான் தட்டிய எண்தான்,
தசமப் புள்ளி வரை ஞாபகமிருக்கிறது.

மேசைக்கடியில் ஹீட்டர் வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை.
வைத்திருந்தேன். அவன் பக்கம் திருப்பினேன்.
வேர்க்கடலை வெண்ணெய் பிஸ்கட் ஆறு.
நாலு தின்றான், இரண்டைச் சட்டைப்பைக்குள் போட்டான்.
"பேப்பர் இருக்கா?"
டிராயரில் கைக்குச் சிக்கியது அதுதான்.
பின்பக்கம் வெள்ளை.

நாக்கைக் கடித்துக்கொண்டு வகுத்தல் போட்டான்,
நூற்றுப் பதினொன்றை நாலால்.
இருபத்தேழு என்று எழுதிவிட்டுப் பென்சிலை வைத்தான்.
"மீதி மூணு இருக்கே."
"அதை எங்க வைக்கிறது?"
எனக்குத் தெரியும். பிழைப்பே அதுதான்.
இருந்தும், டீச்சரைக் கேள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கிறான்.
சாயங்காலம் ஜன்னலில் தாளை ஒட்டிக் காட்டினான்:
மீதி 3. பக்கத்தில் ஒரு டிக், பச்சை மையில்.
சிவப்புப் பேனாக்களை அக்டோபரிலேயே
பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

வெளிச்சம் அவன் முதுகுப் பக்கமிருந்து வந்தது.
டிக்குக்கு அடியில் தலைகீழாய்த் தெரிந்தன
என் அச்செழுத்துகள்.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாளா என்று கேட்க
ஜன்னலைத் தூக்கினேன், பாதியில் சிக்கியது.
பிக்பாண்ட் ஹாரன் அடித்தார்.
ஓடிவிட்டான்.